பிரிந்த தையலை மீண்டும் ஏன் தைப்பதில்லை?
உணவுப்பாதை அறுவைக்குப் பின் ஏற்படும் கசிவும் வெற்றிட சிகிச்சையும்

“தையல் பிரிஞ்சிருச்சுன்னா திரும்பத் தைச்சிட வேண்டியதுதானே சார்?”

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பிரிவில் பணியாற்றும் இளம்பெண் ஒருவர் எங்களிடம் கேட்ட கேள்வி இது. அவருடைய தந்தை தோல் பதனிடும் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் வந்த புற்றுநோய்க்காக அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. நோயுற்ற பகுதி அகற்றப்பட்டு, இரைப்பை ஒரு குழாய் வடிவில் மார்புக்குள் மேலிழுக்கப்பட்டு, எஞ்சிய உணவுக்குழாயோடு இணைக்கப்பட்டது. முதல் ஐந்து நாட்கள் நன்றாகவே கழிந்தன. ஆறாம் நாள் காலை காய்ச்சலும் நாடித்துடிப்பின் வேகமும் கூடின, மூச்சு வாங்கியது. அன்று மாலைக்குள் ஸ்கேனும் எண்டோஸ்கோப்பியும் காரணத்தைக் காட்டிவிட்டன. இணைப்பின் ஓரிடம் விட்டுப்போய், அதன் பின்னால் சீழ் கோத்த ஒரு குழி உருவாகியிருந்தது.

அந்தப் பெண்ணின் கேள்வி நியாயமானது. இக்கட்டுரை முழுவதும் அக்கேள்விக்கு நாங்கள் தரும் விடையே. நோயாளியின் அடையாளங்களைத் தவிர்த்துவிட்டு, குடும்பத்தாரின் இசைவுடன் இதனை எழுதுகின்றோம்.

தோலின் தையலும் குடலின் தையலும்

தோல் தைப்பவருக்கு ஒரு செய்தி நன்கு தெரியும். ஊசி ஒருமுறை துளைத்த இடத்தில் அத்துளை என்றும் இருக்கும். தையலைப் பிரித்து அதே இடத்தில் மீண்டும் தைத்தால் துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து தோல் கிழியும். பதனிட்ட தோல் உயிரற்றது. அதில் போட்ட தையல் நூலின் வலிமையால் மட்டுமே நிற்கிறது.

குடலின் தையல் வேறு வகையானது. நூலோ, ஸ்டேப்ளர் எனப்படும் உலோகக் கொக்கிகளோ, இரு விளிம்புகளையும் சில நாட்கள் சேர்த்துப் பிடித்திருக்க மட்டுமே பயன்படுகின்றன. அந்நாட்களுக்குள் உடல் தானே புதிய திசுவை வளர்த்து இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். குடற்சுவரின் அடுக்குகளுள் தையலைத் தாங்கும் வலிமை கொண்டது உட்சளிப்படலத்திற்கு அடுத்துள்ள அடுக்கே என்பதை அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1887-இல் விளக்கினார். அந்த அடுக்கின் வலிமைக்குக் காரணம் கொலாஜன் என்னும் புரதம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளில் குரோமியம் கொண்டோ, மரப்பட்டைச் சாற்றைக் கொண்டோ பதப்படுத்தப்படுவதும் அதே கொலாஜன்தான். தொழிற்சாலையில் அது அழுகாமல் நிலைநிறுத்தப்படுகிறது. உடலிலோ அது நாள்தோறும் சிதைந்து நாள்தோறும் புதிதாகிறது.

அறுவைக்குப் பின் முதல் சில நாட்களில் இணைப்பின் விளிம்பில் பழைய கொலாஜன் கரையும் வேகம் கூடுதலாக இருக்கும்; புதியது இன்னும் போதிய அளவு வந்திருக்காது. இணைப்பு மிகவும் பலவீனமாக இருக்கும் காலம் அதுவே. பெரும்பாலான கசிவுகள் முதல் பத்து நாட்களுக்குள் வெளிப்படுவதற்கு இது ஒரு காரணம். புதிய திசு வளர்வதற்கு இரத்த ஓட்டம் தேவை. இரத்த ஓட்டம் குறைந்தால், நூல் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் இணைப்பு நிற்காது.

கசிவு யாருக்கு வருகிறது?

உணவுக்குழாய் இணைப்புகளில் நூற்றுக்கு ஐந்து முதல் இருபது பேர் வரை கசிவு ஏற்படுவதாக உலகின் பல மருத்துவமனைகளின் பதிவுகள் காட்டுகின்றன. மலக்குடலின் கீழ்ப்பகுதியில் செய்யப்படும் இணைப்புகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு அது நேர்கிறது. சிறுகுடல் இணைப்புகளில் இதைவிட மிகக் குறைவு.

“அப்படியானால் அறுவை செய்தவரின் தவறா?” என்று சிலர் வெளிப்படையாகவும் பலர் மனத்துக்குள்ளும் கேட்கின்றனர். கேட்பதில் தவறில்லை. தையலின் நுட்பம் முக்கியமானதுதான். ஆயினும் கைதேர்ந்தவர்கள் செய்த அறுவையிலும் கசிவு வருகிறது. புகைபிடித்தல், கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய், உடல் மெலிவு, இரத்தசோகை, முன்பே பெற்ற கதிர்வீச்சு, நீண்டநாள் ஸ்டீராய்டு மருந்து ஆகியவை கசிவின் வாய்ப்பை அதிகரிக்கின்றன. பீடியும் சிகரெட்டும் இரத்த நாளங்களைச் சுருக்கி, திசுக்களுக்குச் செல்லும் ஆக்சிஜனைக் குறைக்கின்றன. மேற்சொன்ன நோயாளி நாற்பது ஆண்டுகள் பீடி புகைத்தவர். அறுவைக்கு ஒரு வாரம் முன்புதான் நிறுத்தினார். நான்கு வாரங்களுக்கு முன்னரே நிறுத்தினால் அறுவைக்குப் பிந்தைய சிக்கல்கள் குறையும் என்பது உறுதிப்பட்ட உண்மை. திட்டமிட்ட அறுவைக்கு நாள் குறிக்கப்பட்டோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டுகிறோம்.

மீண்டும் ஏன் தைப்பதில்லை?

இணைப்பு விட்ட இடத்தில் உமிழ்நீர், பித்தநீர், இரைப்பை அமிலம், கிருமிகள் ஆகியவை வெளியேறிச் சுற்றியுள்ள திசுக்களை வீங்கச் செய்கின்றன. அத்திசு ஈரத்தில் ஊறிப் பதம் கெட்ட பச்சைத்தோலைப் போன்றது. அதில் ஊசி ஏறும், நூல் நிற்காது. முதல் ஓரிரு நாட்களில் கண்டறியப்படும் சில கசிவுகளைத் தவிர, மறுதையல் பெரும்பாலும் மீண்டும் விட்டுப்போகிறது. மார்பையோ வயிற்றையோ இரண்டாம் முறை திறப்பதும் நலிந்த உடலுக்குப் பெருஞ்சுமை.

மார்புக்குள் இருக்கும் இணைப்பில் மற்றொரு சிக்கலும் உண்டு. நாம் மூச்சை உள்ளிழுக்கும்போது மார்புக்கூட்டினுள் அழுத்தம் குறைகிறது. உணவுக்குழாயில் ஓட்டை இருந்தால், ஒவ்வொரு மூச்சும் உள்ளே இருக்கும் நீரை அவ்வோட்டை வழியாக மார்புக்குள் இழுக்கும். நோயாளி ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காவிட்டாலும், ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீரை விழுங்குகிறார். அது முழுவதும் கசிவிடத்தைக் கடந்தே செல்ல வேண்டும்.

முன்பு எங்களிடம் இருந்த வழிகள் சிலவே. வெளியிலிருந்து குழாய் செருகிச் சீழை வடிப்பது. உறையிட்ட உலோக வலைக்குழாயான ஸ்டென்ட்டை உள்ளே விரித்து ஓட்டையை மறைப்பது. எதுவும் பலிக்காதபோது மறு அறுவை. ஸ்டென்ட் இன்றும் பயன்படுகிறது. ஆனால் அது இடம் நகரக்கூடியது. ஓட்டைக்குப் பின்னால் தேங்கிய சீழை அதனால் வெளியேற்ற இயலாது.

உறிஞ்சும் பஞ்சு

உடலின் வெளிப்புறப் புண்களுக்குப் பஞ்சு வைத்து, காற்றுப் புகாதபடி மூடி, பம்பு கொண்டு உறிஞ்சும் முறை 1990-களில் வளர்ந்தது. அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் ஆர்ஜென்டாவும் மைக்கேல் மொரிக்வாஸும் 1997-இல் வெளியிட்ட ஆய்வுகளுக்குப் பின் அது உலகெங்கும் பரவியது. அதே முறையை உடலின் உட்புறத்திற்குக் கொண்டு சென்றவர்கள் ஜெர்மானிய மருத்துவர்கள். மலக்குடல் அறுவைக்குப் பின் கசிவு ஏற்பட்ட 29 நோயாளிகளுக்கு எண்டோஸ்கோப்பி வழியே பஞ்சு வைத்து உறிஞ்சியதில் 28 பேருக்குப் புண் ஆறியதாக மியூனிக் நகரின் ரோல்ஃப் வைடன்ஹாகன் குழுவினர் 2008-இல் அறிவித்தனர். ஏறத்தாழ அதே காலத்தில் ஹானோவர் மருத்துவர்கள் உணவுக்குழாய்க் கசிவுக்கும் இம்முறையைப் பயன்படுத்தினர். உணவுக்குழாய்க் கசிவுகளில் ஏறத்தாழ பத்தில் எட்டுப் பேருக்கு இம்முறை பலனளிப்பதாக அதன்பின் வந்த ஆய்வுகள் கூறுகின்றன.

செலவைக் குறைக்கும் வழியையும் சிலர் கண்டனர். பிரேசிலின் சாவோ பாலோ நகர மருத்துவர்கள், சாதாரண மூக்குக் குழாயின் மீது காஸ் துணியைச் சுற்றி, அதன்மேல் அறுவை அரங்கில் பயன்படும் ஒட்டுத்தாளைப் போர்த்தி, ஊசியால் நுண்துளைகள் இட்டு, பஞ்சுக்குப் பதிலாகப் பயன்படுத்தினர். விலை உயர்ந்த தனிக்கருவி கிடைக்காத இடங்களுக்கு இது நல்ல துணை.

எப்படிச் செய்யப்படுகிறது?

மயக்க மருந்து கொடுத்தபின், வாய் வழியே எண்டோஸ்கோப்பியைச் செலுத்திக் கசிவிடத்தைப் பார்க்கிறோம். குழியைக் கழுவிச் சுத்தம் செய்கிறோம். நுண்துளைகள் நிறைந்த பாலியூரித்தேன் பஞ்சை அக்குழியின் அளவுக்கு வெட்டி, ஒரு மெல்லிய குழாயின் நுனியில் பொருத்தி, குழிக்குள்ளேயோ ஓட்டையை ஒட்டி உணவுக்குழாயினுள்ளேயோ வைக்கிறோம். குழாயின் மறுமுனை மூக்கு வழியே வெளியே வந்து பம்புடன் இணைகிறது. பொதுவாக 125 பாதரச மில்லிமீட்டர் அளவில் தொடர்ந்து உறிஞ்சல் தரப்படுகிறது. இடத்திற்கேற்ப இதனைக் குறைப்பதும் உண்டு. இது காற்றுமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு.

இதனை விளக்கியபோது நோயாளியே எங்களை இடைமறித்தார். “நம்ம டேனரியில வேக்கம் மிஷின் இருக்கே, அது மாதிரியா?” என்று தாளில் எழுதிக் காட்டினார். ஈரத்தோலைச் சூடான தட்டின் மேல் விரித்து, மூடியிட்டு, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி நீரைப் போக்கும் இயந்திரத்தையே அவர் குறிப்பிட்டார். உவமை பொருத்தமானதுதான். பஞ்சும் சீழையும் உமிழ்நீரையும் வீக்கத்தின் நீரையும் வெளியே இழுக்கிறது. இங்கே சூடு இல்லை, உறிஞ்சலும் மிதமானது. உயிருள்ள திசுவில் இதற்கு மேலும் சில பயன்கள் உண்டு. வீக்கம் குறைவதால் இரத்த ஓட்டம் சீராகிறது. குழியின் சுவர்கள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. பஞ்சின் துளைகள் தொடும் இடமெல்லாம் சிவந்த புதுத்திசு முளைக்கிறது. மூச்சின் ஓட்டம் மார்புக்குள் இழுத்த நீரைப் பஞ்சு எதிர்த்திசையில் இழுத்துக்கொள்கிறது.

மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை பஞ்சு மாற்றப்பட வேண்டும். அதற்கு மேல் விட்டால் புதுத்திசு துளைகளுக்குள் வளர்ந்து பஞ்சைப் பற்றிக்கொள்ளும்; எடுக்கும்போது இரத்தம் கசியும். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் குழியின் அளவைப் பார்த்து, சற்றுச் சிறிய பஞ்சை வைக்கிறோம். இவ்வாறு குழி அடியிலிருந்து மேல்நோக்கி மெல்ல நிரம்புகிறது. மேல்வாயை முதலில் மூடிவிட்டால் அடியில் சீழ் சிறைப்பட்டுவிடும். மறுதையலின் பெருங்குறையும் அதுவே.

பன்னிரண்டாம் நாள்

மருத்துவத்தின் வழிமுறையைச் சொல்வது எளிது. அந்த வாரங்களைக் கழிப்பது எளிதன்று. மூக்கில் குழாய், இரவும் பகலும் பம்பின் முனகல், வாய்வழியே எதுவும் கூடாது. உணவு முழுவதும் சிறுகுடலில் பொருத்திய குழாய் வழியே செல்கிறது. பசி அதனால் ஓரளவு அடங்கும். நாக்கின் வறட்சி அடங்காது.

மூன்றாம் முறை பஞ்சு மாற்றிய நாளில், வடிகலத்தில் இளம்பழுப்பு நிறம் தெரிந்தது. செவிலியர் உடனே எங்களை அழைத்தார். கசிவு பெரிதாகிவிட்டதோ, வேறு இடத்தில் ஓட்டை விழுந்ததோ என்று அஞ்சினோம். மறுபடி ஸ்கேனுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கையில் நோயாளியின் மனைவி தயங்கித் தயங்கி முன்வந்தார். முந்தைய நாள் மாலை தேநீரில் ஒரு மடக்கை ஸ்பூனால் அவர் வாயில் விட்டிருக்கிறார். “நாக்கு ஒட்டிப்போச்சுன்னு கையால காட்டினாரு சார். பார்த்துக்கிட்டு எப்படி இருக்க முடியும்?” என்று அழுதார்.

அவர்மீது சினம் கொள்ள எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. ‘வாய்வழி எதுவும் வேண்டாம்’ என்று கட்டிலின் தலைமாட்டில் பலகை மாட்டியிருந்தோம். ஏன் என்பதை மகளிடம் விரிவாகச் சொல்லியிருந்தோம்; பகலெல்லாம் அருகில் இருந்த மனைவியிடம் சொல்லவில்லை. தேநீர் பஞ்சு வழியே வடிந்துவிட்டதால் பெருங்கேடு நேரவில்லை. அவர் உடனே உண்மையைச் சொன்னதால் தேவையற்ற ஸ்கேனும் தவிர்க்கப்பட்டது. அன்று முதல், நோயாளியோடு இரவும் பகலும் இருப்பவர் யாரோ அவரிடமே நேரில் விளக்குவதை எங்கள் துறையில் வழக்கமாக்கிக்கொண்டோம். நனைத்துப் பிழிந்த காஸ் துணியால் உதட்டையும் நாக்கையும் துடைப்பது, வாயைக் கொப்பளித்து முழுவதும் துப்புவது ஆகியவற்றைச் செவிலியர் அவருக்குக் கற்பித்தனர். அடுத்த பன்னிரண்டு நாட்களும் அவர் அதைத் தவறாமல் செய்தார்.

குடும்பத்தார் செய்யக்கூடியவை வேறு சிலவும் உண்டு. பம்பு எச்சரிக்கை ஒலி எழுப்பினால் உடனே செவிலியரை அழைக்கவும். ஒலியை நிறுத்திவிட்டு உறங்க வேண்டாம். உறிஞ்சல் நின்றுபோன பஞ்சு வடிகாலாக இல்லாமல் அடைப்பாக மாறிவிடும். மூக்குக் குழாயை இழுக்காமல் நோயாளியை எழுப்பி உட்காரவைத்து, மருத்துவர் இசைந்தபின் வராந்தாவில் நடக்கச் செய்யவும். குழாய்வழி உணவில் புரதம் குறையாமல் பார்த்துக்கொள்ளவும். அறையில் யாரும் புகைத்துவிட்டு வந்து அமர வேண்டாம்.

ஆபத்துகளும் எல்லைகளும்

இம்முறை அனைவருக்கும் பொருந்தாது. மேலிழுத்த இரைப்பையின் பெரும்பகுதி இரத்த ஓட்டமின்றிக் கருகியிருந்தால் அறுவையே வழி. கசிவு வயிற்றறை முழுவதும் பரவியிருந்தாலும் அவ்வாறே. குழி பெரிய இரத்த நாளத்தை ஒட்டியிருந்தால் மிகுந்த எச்சரிக்கை தேவை. அரிதாக உயிருக்கு ஆபத்தான இரத்தப்போக்கு ஏற்படக்கூடும். பஞ்சு இடம் நகர்வதும் உண்டு. இவற்றையெல்லாம் சொன்ன பின்னரே இசைவுப் படிவத்தில் கையொப்பம் கேட்கிறோம். புரியாமல் கையொப்பமிட வேண்டாம். மறுமுறை விளக்கும்படி கேளுங்கள்.

செலவைப் பற்றியும் முதல் நாளே கேட்டுவிடுங்கள். பஞ்சு மாற்றங்கள் எத்தனை ஆகும் என்பதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல இயலாது. தொழிற்சாலைப் பணியாளர்கள் இ.எஸ்.ஐ. அட்டையையும், மற்றவர்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையையும் காப்பீட்டுப் பிரிவில் காட்டி, எவை ஏற்கப்படும், எவை ஏற்கப்படமாட்டா என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ளவும்.

புண் ஆறிய பிறகு

அந்த நோயாளிக்கு ஆறு பஞ்சுகள் வைக்கப்பட்டன. இருபத்து நான்காம் நாள் கடைசிப் பஞ்சை எடுத்தபோது, குழி இருந்த இடத்தில் விரல்நுனி அளவான ஆழமற்ற பள்ளம் மட்டுமே இருந்தது. இரண்டு நாட்கள் கழித்து, எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தை விழுங்கச் செய்து பார்த்தோம். ஒரு துளியும் வெளியேறவில்லை. அன்று பிற்பகல் அவர் மனைவி கொடுத்த தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகக் குடித்தார். மகளுக்கு அப்போதுதான் தையற்பிரிவிலிருந்து விடுப்பு முடிந்திருந்தது. தொலைபேசியில் செய்தி சொன்னார்கள்.

எல்லாம் அத்துடன் முடிந்துவிடவில்லை. கசிவினால் அவருடைய கீமோதெரப்பி ஆறு வாரங்கள் தள்ளிப்போனது. மூன்றாம் மாதம் சோறு தொண்டைக்குக் கீழே நிற்கிறது என்று வந்தார். ஆறிய புண் சுருங்கியதால் இணைப்பில் குறுக்கம் ஏற்பட்டிருந்தது. கசிவுக்குப் பின் இது பலருக்கும் வருவதே. எண்டோஸ்கோப்பி வழியே பலூனால் இரண்டு முறை விரித்தபின் சரியாயிற்று. இப்போது குழைந்த சோறும் இட்லியும் சிறு சிறு அளவில் ஆறு வேளை உண்கிறார். “பிரியாணி எப்போ சாப்பிடலாம்?” என்பது ஒவ்வொரு முறையும் அவர் கேட்கும் கேள்வி. ஆம்பூர்க்காரரிடம் அதற்கு முடியாது என்று சொல்ல எங்களுக்கும் மனம் வரவில்லை. கறியை நன்கு மென்று, இரண்டு கைப்பிடிக்கு மேற்படாமல், உண்டபின் ஒரு மணி நேரம் படுக்காமல் இருந்தால் உண்ணலாம் என்று எழுதிக் கொடுத்தோம்.

உணவுப்பாதை அறுவை முடிந்து வீடு திரும்பியோர், பின்வருவனவற்றுள் ஏதேனும் ஒன்று தோன்றினாலும் மறுநாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்கு வரவும்:

• காய்ச்சல், குளிர் நடுக்கம்
• ஓய்விலும் படபடக்கும் நாடித்துடிப்பு, மூச்சுத்திணறல்
• நெஞ்சிலோ தோளிலோ வயிற்றிலோ புதிதாகத் தோன்றும் வலி
• தையலிடத்திலிருந்து சீழோ உணவு நிறமுள்ள நீரோ வடிதல்
• விழுங்கும்போது அடைப்பு, இரத்த வாந்தி, கருநிற மலம்

வரும்போது அறுவை விவரம் எழுதிய டிஸ்சார்ஜ் தாளைக் கொண்டுவரவும். ஊரிலுள்ள மருத்துவரிடம் முதலில் சென்றாலும், எந்த நாளில் என்ன அறுவை நடந்தது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லவும். கசிவை ஒரு நாள் முன்னதாகக் கண்டுபிடித்தால், குழி சிறிதாக இருக்கும்போதே அதைச் சுருக்கத் தொடங்கலாம்.